காட்டுக்கு எதற்கு விளக்குமாறு?

கேள்வி: நகரத்தை ஒட்டியிருக்கும் இயற்கைக் காடுகள் விழுந்த மரமும் சருகும் புதருமாகக் கிடக்கின்றன. சுத்தப்படுத்தி, நடைபாதையும் நாலு பெஞ்சும் போட்டால் மக்கள் வந்து ரசிப்பார்கள், காட்டின் மேல் அக்கறையும் வருமே?

பதில்: ‘சுத்தப்படுத்தி’யா! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். முன்பு ஒரு முறை நான் மூன்று நாள் லீவில் போனபோது எங்கள் உதவி ஆசிரியர் என் மேஜையைச் சுத்தப்படுத்தினார். திரும்பி வந்தால் மேஜை பளபளவென்று இருக்கிறது, தொடர்கதையின் கடைசி அத்தியாயத்தைக் காணோம். பழைய தாள் என்று நினைத்தாராம்! வேறு வழியில்லாமல் நானே உட்கார்ந்து கதாநாயகனை லாரியில் அடிபட வைத்துக் கதையை முடித்தேன். எழுதியவர் அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். உதவி ஆசிரியரோ, ‘மேஜை எவ்வளவு அழகா இருந்துச்சு, அதைச் சொல்ல மாட்டீங்களே’ என்று இன்றைக்கும் குறைப்படுகிறார்.

சரி, காட்டுக்கு வருகிறேன். உளுத்த மரம் பழைய தாள் இல்லை. மரங்கொத்தி அதில்தான் சுலபமாகப் பொந்து குடையும், அது காலி செய்துவிட்டுப் போன பொந்தில் ஆந்தை குடிவரும். அப்புறம் பூஞ்சை, வண்டு, கறையான் என்று ஒரு பெரும் குடும்பமே உண்டு. பின்லாந்துக் காடுகளில் வாழும் உயிரினங்களில் சுமார் 20 முதல் 25 சதவீதம் செத்த மரத்தை நம்பி இருப்பவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

உங்கள் யோசனையை ஜெர்மானியர்கள் முன்பே செய்து பார்த்தாயிற்று. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் காட்டில் புதரையும் விழுந்த மரத்தையும் அகற்றி, ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரங்களை அணிவகுப்பு மாதிரி வரிசையாக நட்டார்கள். முதல் தலைமுறை மரங்கள் அமோகமாக வளர்ந்தன, அடுத்த தலைமுறையில் விளைச்சல் படுத்துவிட்டது. பிறகு பறவைகளுக்குப் பெட்டி செய்து மரத்தில் மாட்டினார்கள், எறும்புகளைக் கூட்டத்தோடு கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். விரட்டியவர்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதை!

மக்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டுக்கு 1878-இல் போட்ட சட்டம், அது மக்கள் உலாவும் திறந்தவெளியாக இருக்க வேண்டும், ஆனால் இயற்கைத் தோற்றத்தை முடிந்தவரை அப்படியே காக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னது. ஒற்றையடிப் பாதை போதும். பெஞ்ச் வேண்டுமென்றால் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் உட்காருங்கள், எறும்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் நீளம், சுத்தப்படுத்தலாம் என்று ஒருவர் பென்சிலோடு பக்கத்தில் நிற்கிறார். தருவதாக இல்லை.