சிக்கும் கேஸும் தளரும் மணிக்கட்டும்

அன்புள்ள ஐயா,

என் மகள் இரண்டு வருடம் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுட்டுவிட்டு, இப்போது 25 மீட்டருக்கு .22 பிஸ்டலை எடுத்திருக்கிறாள். பத்து ரவுண்டில் (தோட்டாவில்) இரண்டு மூன்று சிக்கிவிடுகின்றன. காலி கேஸ், அதாவது சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு, ஸ்லைடின் (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) இடுக்கில் நட்டுக்கொண்டு நிற்கிறது. அதே பிஸ்டலில் அதே ரவுண்டைப் போட்டு கோச் சுட்டால் சிக்குவதே இல்லை. பிடி தளர்வு என்கிறார். பிடிக்கும் இயந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? வீட்டில் உள்ள, சிஓ2 (கரியமில வாயு) குப்பியில் ஓடும் மாதிரி பிஸ்டலும் மார்கழிக் காலையில் திணறுகிறது. அதுவும் பிடியால்தானா?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள நண்பருக்கு,

கோச் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் இரண்டு பிஸ்டல்களின் நோயும் ஒன்றல்ல.

ரவுண்டு வெடிக்கும்போது ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. அதைத் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு கடைசிவரை போனால்தான் வேலை முடியும். எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி இழுத்து வரும் காலி கேஸ், பிரேமில் (கைப்பிடியுள்ள அடிச்சட்டத்தில்) பொருத்தியிருக்கும் எஜெக்டர் என்ற முனையில் மோதி வெளியே தெறிக்க வேண்டும். திரும்பும் ஸ்லைடு மேகசினிலிருந்து (தோட்டாப் பெட்டியிலிருந்து) அடுத்த ரவுண்டைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இதற்கெல்லாம் பிரேம் அசையாமல் நிற்கவேண்டும். மணிக்கட்டு வளைந்தால் பிரேமும் கூடவே பின்னால் போகிறது. ஆடும் பலகையில் ஆணி அடித்தால் பாதி அடி பலகையை ஆட்டுவதிலேயே போய்விடும், அதே கதைதான். எஜெக்டரில் கேஸ் மெதுவாகப் படுகிறது, வெளியேறுமுன் ஸ்லைடு திரும்பி அதை நெரித்துவிடுகிறது. ஸ்லைடின் ஓட்டம் இன்னும் குறைந்தால் அடுத்த ரவுண்டை எடுக்காமலே சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) காலியாக மூடிக்கொள்ளும்.

.22-இல் இது சீக்கிரம் தெரியும். அதன் குண்டு சுமார் 2.6 கிராம், 9 மி.மீ. குண்டு 7.5 முதல் 8 கிராம். விசை சிறியது என்பதால் வீணாக்க மிச்சம் இல்லை. ஏர் பிஸ்டலில் ஒவ்வொரு குண்டையும் கையால்தான் போடுகிறோம், தானாக ஓடவேண்டிய பாகம் எதுவும் இல்லை. தளர்ந்த பிடி அங்கே இலக்கில் குண்டுகள் படும் இடங்களைச் சிதறடிக்குமே தவிர, ஜாம் ஆக்காது. உங்கள் மகள் இரண்டு வருடம் அப்படிப் பழகியிருக்கிறாள். அவளைக் குறை சொல்லாதீர்கள்.

முதலில் சோதனை. கோச் முன்னிலையில் மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு போட்டு ஐந்து முறை சுடட்டும். பிறகு கோச் ஐந்து முறை சுடட்டும். ஒவ்வொரு முறையும், மேகசின் காலியானதும் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கிறதா என்று பாருங்கள். கோச் கையில் மட்டும் பூட்டினால் பிடிதான் காரணம். இருவருக்கும் பூட்டாவிட்டால் ரவுண்டு, அழுக்கு, ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் என்று தேடுங்கள். அவள் கட்டைவிரல் ஸ்லைடில் உரசுகிறதா, ஸ்லைடு பூட்டும் லீவரை அழுத்துகிறதா என்பதையும் கவனியுங்கள். இதைப் பலரும் பார்ப்பதே இல்லை.

பிடியை இறுக்கு என்றதும் பிள்ளைகள் ஐந்து விரலையும் நெரித்துக் கையை நடுங்கவிடுவார்கள். தேவை அதுவல்ல. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள கவை, கைப்பிடியின் உச்சியில் முட்ட வேண்டும். நடுவிரலும் மோதிரவிரலும் நேராகப் பின்னோக்கி இழுக்க, மணிக்கட்டைப் பூட்டுவது முன்கைத் தசையின் வேலை. ட்ரிகர் விரல் மட்டும் தனியாக அசையட்டும். வீட்டில் வெறும் பிஸ்டலில் பழகினால் சேம்பரில் டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) அவசியம், இல்லாவிட்டால் .22-இன் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) சேம்பர் விளிம்பில் அடித்து அதைக் கெடுத்துவிடும்.

மாதிரி பிஸ்டலுக்கு வருவோம். அதன் ஸ்லைடு லேசானது, தளர்ந்த கையிலும் பெரும்பாலும் ஓடிவிடும். அங்கே குறைவது அழுத்தம். 12 கிராம் குப்பியில் சிஓ2 திரவமாக இருக்கிறது. 20 டிகிரியில் அழுத்தம் சுமார் 57 பார், 10 டிகிரியில் 45. ஒவ்வொரு சுடலிலும் திரவம் ஆவியாகிக் குப்பி மேலும் குளிர்கிறது. ஓசூர் பனியில் அடுத்தடுத்துச் சுட்டால் திணறாமல் என்ன செய்யும்? சுடலுக்குச் சுடல் பத்து பதினைந்து வினாடி விடுங்கள். குப்பியின் கழுத்தில் ஒரு சொட்டு சிலிக்கோன் எண்ணெய் விட்டால் சீல் காய்ந்து கசியாது. கிருஷ்ணகிரி மே வெயிலில் குப்பிகளை மட்டும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். 50 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து.

ரேஞ்சில் ஜாம் ஆனால் அவள் பிஸ்டலைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. குழல் இலக்கை நோக்கியே இருக்க, விரலை ட்ரிகரிலிருந்து எடுத்துவிட்டு மறு கையை உயர்த்தட்டும். ரவுண்டு வெடிக்காமல் நின்றிருந்தால் 30 வினாடி அப்படியே காத்திருந்த பிறகுதான் திறக்க வேண்டும்.