கொடிவழியும் தாய்ப்பத்திரமும்

அன்புள்ள ஐயா,

என் மகளின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். என் தாத்தாவின் பெயருக்கு மேல் என்னால் எதையும் எழுத முடியவில்லை. எங்கள் பூர்வீகம் ஸ்ரீவைகுண்டம் அருகே ஒரு கிராமம். நான் வளர்ந்ததும் வாழ்வதும் ஓசூரில். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில வழிகாட்டிகள் எல்லாம் குடும்பப் பெயரையும் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் கொண்டு தொடங்கச் சொல்கின்றன. எங்களுக்கு இருப்பதோ முதலெழுத்து மட்டும். உறவினர் ஒருவர், நாம் பாண்டியரின் படைத்தளபதி ஒருவர் வழிவந்தவர்கள் என்கிறார். அவரிலிருந்து கீழே இறங்கி வர வழியுண்டா? எங்கே தொடங்குவது?

கு. மு., ஓசூர்

அன்புள்ள கு. மு. அவர்களுக்கு,

தளபதியிலிருந்து இறங்கி வர வழியில்லை. அவருக்கும் உங்கள் தாத்தாவுக்கும் நடுவே கிடக்கும் பல நூற்றாண்டுகளைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டியிருக்கும்; அப்படி நிரப்பப்பட்ட கொடிவழிகள் நம் ஊரில் ஏற்கெனவே போதுமான அளவு அச்சாகியுள்ளன. தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கி, ஒரு தலைமுறைக்கு ஓர் எழுத்துச் சான்று என்ற கணக்கில் மேலே ஏறுவதே முறை.

நீங்கள் படித்த வழிகாட்டிகள் அவரவர் நாட்டுக்குச் சரியானவை. இங்கிலாந்தில் நூறாண்டு கழித்துக் கணக்கெடுப்புத் தாள்களைத் திறந்துவிடுகிறார்கள். 1921ஆம் ஆண்டின் தாள்கள் 2022இல் வெளியாயின. நம்முடைய 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டமோ தனிநபர் விவரங்களைப் பார்வையிட எவருக்கும் உரிமை தரவில்லை. பிறப்பு இறப்புப் பதிவேடுகள் உண்டு என்றாலும், 1969ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முந்தைய கிராமப் பதிவுகள் பலவற்றில் தகப்பன் பெயரும் ‘ஆண் குழந்தை’ என்ற சொல்லும் மட்டுமே இருக்கும். அவை துணைச் சான்றாகுமே தவிர, அவற்றை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏற முடியாது.

நம் நாட்டில் அரசு மனிதர்களைவிட நிலத்தைப் பற்றியே அக்கறையோடு எழுதி வைத்தது. ஆகவே உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். தாத்தா காலத்தில் விற்றுத் தீர்த்துவிட்ட நிலமானாலும் பரவாயில்லை; சார்பதிவாளர் அலுவலகத்தில் அசையாச் சொத்துகளுக்கான முதலாம் புத்தகத்தில் பதிவான பத்திரத்துக்கு யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திச் சான்றிட்ட நகல் பெறலாம். வில்லங்கச் சான்று போட்டால் அந்தச் சர்வே எண்ணில் நடந்த கைமாற்றங்கள் வரிசையாகத் தெரியும். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று தகப்பன் பெயரோடு எழுதுவது பத்திர வழக்கம் என்பதால், ஒவ்வொரு தாய்ப்பத்திரமும், அதாவது அதே சொத்தின் முந்தைய மூலப்பத்திரமும், உங்களை ஒரு படி மேலே ஏற்றிவிடும். சொத்து முன்னோருக்கு எப்படி வந்தது என்று விவரிக்கும் முதல் பத்தியைச் சடங்காக எண்ணித் தாண்டிவிடாதீர்கள். பாட்டனார் இறந்த செய்தியும் அண்ணன் தம்பி பிரிந்த கதையும் அங்கேதான் கிடக்கும். குடும்பத்தில் யாராவது பாகப்பிரிவினை வழக்கு நடத்தியிருந்தால், சண்டை போட்ட பெரியவர்களுக்கு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும். அத்தகைய வழக்கின் பிராதில், அதாவது வழக்கு மனுவில், வம்சாவளி அட்டவணையே பெரும்பாலும் இருக்கும்.

உங்கள் பூர்வீகப் பகுதியில் ஒரு சிக்கல் நிச்சயம் வரும். மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயரை இடுவதால் சுடலைமுத்து மகன் இசக்கிமுத்து, இசக்கிமுத்து மகன் சுடலைமுத்து என்று பெயர்கள் மாறி மாறி வரும்; போதாததற்கு, ஒரே பாட்டனாரின் பேரன்களான பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் அதே பெயரோடு ஒரே தெருவில் இருந்திருப்பார்கள். பெயரை மட்டும் நம்பினால் இரண்டு ஆட்களை ஒருவராக்கிவிடுவீர்கள். மனைவியின் பெயர், சர்வே எண், நான்கெல்லை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே ஆளை உறுதி செய்யுங்கள். நான்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரராகக் குறிக்கப்படுபவர் பல நேரம் பாகம் பிரிந்த பங்காளியாகவே இருப்பார். பழைய ஓலைகளிலும் சாதகக் குறிப்புகளிலும் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு வந்தால், ஆங்கில ஆண்டைப் பெற ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதி வரை 824ஐயும் அதன்பின் 825ஐயும் கூட்டுங்கள். தமிழ் ஆண்டுப் பெயர் அறுபதாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது. பிரபவ என்றிருந்தால் அது 1867ஆ, 1927ஆ என்பதை வேறு சான்று கொண்டே முடிவு செய்ய முடியும்.

பத்திரங்களை மட்டும் பின்தொடர்ந்தால் உங்கள் மரத்தில் ஆண்களே நிற்பார்கள். பெண்களைக் கண்டுபிடிக்க விடுதலைப் பத்திரங்களைத் தேடுங்கள். பூர்வீகச் சொத்தில் தங்களுக்கு உரிமையில்லை என்று அண்ணன் தம்பிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அத்தைமார்களின் பெயர், கணவர் பெயர், வாழ்க்கைப்பட்ட ஊர் ஆகியவை பலவேளைகளில் அந்த ஒரு தாளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அடுத்தது மொய் நோட்டு. உங்கள் பெற்றோரின் திருமண மொய் நோட்டு கிடைத்தால் அதை வயதான ஆச்சி ஒருவரிடம் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டி, இந்த ஊர்க்காரர் நமக்கு என்ன முறை, எந்தப் பெண்ணைக் கொடுத்த வகையில் வந்த உறவு என்று கேளுங்கள். ‘உங்கள் பாட்டனார் யார்’ என்று கேட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சு, இப்படிக் கேட்டால் ஒரு பொழுது முழுக்க நீளும். பத்திரம் காத்திருக்கும், ஆச்சி காத்திருக்க மாட்டார் என்பதால் இந்த வேலையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

நிலமே இல்லாத குடும்பம் என்றால் என்ன செய்வது என்று வேறு வாசகர்கள் கேட்கக்கூடும். மானிய நிலங்களின் உரிமையை ஆராய 1858இல் சென்னை மாகாணத்தில் அமைக்கப்பட்ட இனாம் கமிஷனின் பதிவேடுகளில் கோயிலுக்கும் ஊருக்கும் ஊழியம் செய்ததற்காகச் சிறு மானியம் பெற்றவர்களின் பெயர்களும் உண்டு. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். அதுவும் இல்லாதவர்களை இங்கே யாரும் எழுதி வைக்கவில்லை. அவர்களில் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்கள் மட்டும் விரிவாகப் பதிவாகியிருக்கிறார்கள் என்பது கசப்பான உண்மை. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு லட்சத்து 52 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். அந்தக் கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, உயரம், உடலிலுள்ள தழும்பு வரை குறிக்கப்பட்டுள்ளன. அங்கே டர்பனில் இருக்கும் ஒரு தமிழருக்குத் தன் கொள்ளுப்பாட்டனாரின் ஊரைத் தேடிப்பிடிப்பது ஓசூரில் இருக்கும் உங்களைவிட எளிதாக அமைந்துவிடலாம்.

மரபணுச் சோதனை பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பங்காளிகளும் அதே சோதனையைச் செய்திருந்தால்தான் அதில் பயன்.

பங்குனி உத்திரத்தன்று உங்கள் குலதெய்வமான சாஸ்தாவின் கோயில் எதுவென்று விசாரித்து அங்கே போய்வாருங்கள். தலைமுறைகளாக அறுந்துபோன கிளைகள் அன்று அங்கே பொங்கலிட வரும். கோயில் வரி எழுதுபவரிடம் தலைக்கட்டுப் பட்டியல், அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல், இருக்கும். அதில் உங்கள் தாத்தாவின் பெயருக்கு மேலும் கீழும் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். தளபதி கதையை ‘இன்னார் சொன்னது’ என்று நாளும் பெயரும் குறித்துத் தனித்தாளில் எழுதி வைக்கலாம், மரத்தில் சேர்க்க வேண்டாம். மகளின் பள்ளிக்கு இப்போதைக்கு மூன்று தலைமுறை போதும். ஆனால் அதில் அவளுடைய அம்மா வழிப் பாட்டியின் தாயார் பெயரும் இருக்கட்டும்.