ஒதுக்கிய காசு ஏன் வந்து சேருவதில்லை? கிழக்கு மாகாண நிதி பற்றி வாசகர் கேள்விகள்

மாகாணக் கணக்குகளோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால், மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறையிலிருந்தும் காசு பற்றிய கேள்விகளே எனக்கு அதிகம் வருகின்றன. இந்தத் தடவை வந்தவற்றில் சில.

எங்கள் பாடசாலையில் இரண்டு மாடிக் கட்டடம் என்று பலகை நட்டார்கள். தூண்கள் எழும்பியதோடு வேலை நின்றுவிட்டது. கேட்டால், "காசு ஒதுக்கியாச்சு, வரவில்லை" என்கிறார்கள். ஒதுக்கிய காசு எங்கே போனது? (வாசகர், வாழைச்சேனை)

அது எங்கும் போகவில்லை, கொழும்பிலிருந்து இன்னும் புறப்படவே இல்லை. ஒதுக்கீடு வேறு, கட்டுநிதி வேறு. ஒதுக்கீடு என்றால் இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. பில் கட்டுவதற்குக் கொழும்புத் திறைசேரி பணத்தை விடுவிக்க வேண்டும்; அப்படி விடுவிக்கிற பணம்தான் கட்டுநிதி. அது திருகோணமலையிலுள்ள மாகாணத் திறைசேரிக்கு வந்து, அங்கிருந்து திணைக்களத்துக்குப் போக வேண்டும். அரசின் கை இறுகும்போது சம்பளத்தை நிறுத்த முடியாது. அதனால் முதலில் பிந்துவது அபிவிருத்திக் காசு, அதாவது அலுவலகங்களில் பீ.எஸ்.டி.ஜி. என்று சொல்லும் மானியம்.

நம் பக்கத்துக்கு இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நமக்கோ ஒக்டோபர் கடைசியில் மாரி மழை இறங்கிவிடும். கட்டட வேலைக்கும் கிரவல் வீதி வேலைக்கும் ஏற்ற காலம் மே முதல் செப்டெம்பர் வரைதான். அந்த மாதங்களில் காசு சொட்டுச் சொட்டாக வந்து, வருடக் கடைசியில் மொத்தமாக வந்தால் அதை வைத்து என்ன செய்வது? வெள்ளம் நிற்கிற இடத்தில் கொங்கிரீட் போட முடியாது. மேல் மாகாணத்துக்கும் அதே டிசம்பர்தான், ஆனால் அந்த மாதம் அங்கே எங்களுக்குப் போல வெள்ள மாதமல்ல. காசின் தொகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அது வருகிற மாதத்தைப் பற்றியும் நம் பிரதிநிதிகள் பேச வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு கணக்குப் பிரிவுக்குப் போய்ப் பாருங்கள். சின்ன ஒப்பந்தகாரர்கள் மழைக்குப் பயந்து பொலித்தீன் பைக்குள் சுற்றிய பில்லை மடியில் வைத்துக்கொண்டு, இருட்டும் வரை வாங்கில் இருப்பார்கள். 31ஆம் திகதி தாண்டினால் அந்த வருட ஒதுக்கீடு காலாவதி. பில் மட்டும் "கைவசமுள்ள பில்" என்ற பெயரோடு அடுத்த வருடத்துக்குப் போய், அந்த வருடக் காசில் முதல் பங்கை எடுத்துக்கொள்ளும். மனைவியின் நகையை அடகு வைத்துச் சீமெந்து வாங்கியவர்களை எனக்குத் தெரியும். உங்கள் பாடசாலைத் தூண்களில் கம்பி துருப்பிடித்து நிற்பதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

மத்திய அரசு மாகாணத்துக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டுமா, அல்லது விரும்பினால் கொடுக்கலாமா? (வாசகர், களுவாஞ்சிக்குடி)

கொடுத்தே ஆக வேண்டும். 1987இல் வந்த 13ஆவது திருத்தம், அரசியலமைப்பின் 154 ஆர் உறுப்புரையில் இதைச் சொல்கிறது. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படியும் அதனோடு கலந்தாலோசித்தும், மாகாணங்களின் தேவைக்குப் "போதுமான" நிதியை வருடாந்த வரவுசெலவுத் திட்டத்திலிருந்து ஒதுக்க வேண்டும். சண்டை முழுக்க அந்தப் "போதுமான" என்ற சொல்லில்தான் இருக்கிறது. எது போதும் என்று யார் தீர்மானிப்பது?

ஆணைக்குழுவில் ஐந்து பேர். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர். மாகாணங்களின் சார்பில் என்று ஒருவரும் இல்லை. காசை விடுவிக்கிற திறைசேரியின் செயலாளர், எவ்வளவு தேவை என்று சொல்கிற மேசையிலும் இருக்கிறார். இந்த அமைப்பு நியாயமற்றது என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் ஆணைக்குழு பார்க்க வேண்டிய அளவுகோல்கள் நமக்குச் சாதகமானவை: சனத்தொகை, தலா வருமானம், சமூகப் பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை, ஆகக் கூடிய தலா வருமானமுள்ள மாகாணத்தோடு உள்ள இடைவெளியைக் குறைக்கும் தேவை. கோரிக்கை எழுதுகிறவர்கள் இந்தச் சொற்களையே பிடித்துக்கொண்டு எழுத வேண்டும்.

மாகாணம் தானே வரி அறவிட்டு நிமிர முடியாதா? (வாசகர், அக்கரைப்பற்று)

முன்பு கொஞ்சம் முடிந்தது. மாகாணங்களின் பெரிய வருமானம் புரள்வு வரி, அதாவது வியாபாரங்களின் மொத்த விற்பனை மீது அறவிட்ட வரி. 2011 ஜனவரியோடு அதை எடுத்துவிட்டார்கள். பதிலுக்கு, மத்தி அறவிடும் தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றில் ஒரு பங்கும் வேறு சில வரிகளில் பங்கும் தருவதாக ஏற்பாடு செய்தார்கள். 2019 டிசம்பரில் அந்த வரியையே நீக்கிவிட்டார்கள். கையிலிருந்த வரி போய், பங்கு வந்து, பிறகு பங்கும் போனது. வாகன வருமான உத்தரவுப் பத்திரக் கட்டணம், முத்திரைத் தீர்வை போன்றவை இருக்கின்றன. அவற்றை வைத்து ஆசிரியர் சம்பளத்தைக்கூடக் கொடுத்து முடிக்க முடியாது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஏதும் குறை என்றால் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்கலாமா? (வாசகர், ஆரையம்பதி)

இல்லை. அது மத்திய சுகாதார அமைச்சின் கீழ் உள்ளது.

கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்குத் தனிக் கணக்காளரை நியமிக்கும் பிரச்சினையை மாகாண சபை தீர்க்குமா? (வாசகர், பாண்டிருப்பு)

தீர்க்காது. பிரதேச செயலகங்கள் 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மத்தியின் நிர்வாகமாகவே இயங்குகின்றன. கொழும்பில் உள்ள அமைச்சிடம்தான் பேச வேண்டும்.

சபையே இல்லாதபோது நமக்காக யார் சண்டை பிடிப்பது? (வாசகர், திருக்கோவில்)

மனதை உறுத்துகிற கேள்வி. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றினார்கள். புதிய முறைக்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்றது. அதோடு தேர்தல் தள்ளிக்கொண்டே போனது. சபை இல்லாதபோது மாகாணத்தை நடத்துபவர் மாகாண ஆளுநர். அவரை நியமிப்பவர் சனாதிபதி. மத்தி நியமித்தவரே மத்தியிடம் காசுக்காக வாதாட வேண்டிய நிலை. ஆளுநர் நல்லவராக இருக்கலாம், ஆனால் வாக்குக் கேட்டு வாகரைக்கும் பொத்துவிலுக்கும் வர வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

சபை இருப்பதன் பெறுமதியை 2012 திவிநெகும விவகாரத்தில் பார்த்தோம். சமுர்த்தி போன்ற அமைப்புகளை மத்தியின் ஒரே திணைக்களமாக்கும் சட்டமூலம் அது. அதிகாரப் பகிர்வுக்கு உட்பட்ட விடயங்களைத் தொடும் அந்தச் சட்டமூலம் மாகாண சபைகளுக்கு அனுப்பப்பட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அப்போது வடக்கில் சபை இல்லை. அங்கே ஆளுநரின் சம்மதத்தைச் சபையின் சம்மதமாக நீதிமன்றம் ஏற்கவில்லை. இன்று அந்த நிலையில் எல்லா மாகாணங்களும் இருக்கின்றன.

சாதாரண ஆட்கள் நாங்கள் என்ன செய்யலாம்? (வாசகர், கொக்கட்டிச்சோலை)

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சம்பந்தப்பட்ட திணைக்களத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும். "காசு ஏன் வரவில்லை" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். வேலையின் பெயரைப் போட்டு மூன்று திகதிகளைக் கேளுங்கள்: ஒதுக்கீடு அனுமதிக்கப்பட்ட திகதி, கட்டுநிதி கேட்டுக் கடிதம் அனுப்பிய திகதி, கட்டுநிதி கிடைத்த திகதியும் தொகையும். முதல் இரண்டுக்கும் இடையில் மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால், பிழை நம் மாகாண அலுவலகத்திலேயே இருக்கிறது. கடைசி இரண்டுக்கும் இடையில் இருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம் போங்கள். மே மாதத்துக்கு முன்பே போங்கள்.