அந்தமானில் எக்கோ ரிசார்ட்டில் தங்கி நிதானமாக ஒரு வாரம் கழிக்க எப்படித் திட்டமிடலாம்?

ஒரே தீவு, ஒரே குடில், குறைந்தது நான்கு இரவு. நான் சொல்வது இவ்வளவுதான்.

முதல் முறை போனபோது ஆறு நாளில் நான்கு தீவு சுற்றினோம். காலையில் பெட்டி கட்டுவது, படகுக்கு ஓடுவது, மதியம் வேறொரு அறையில் பெட்டியைப் பிரிப்பது. கடலைப் பார்த்ததைவிடப் படகுத்துறை வரிசையில் நின்றதே அதிகம்.

அடுத்த முறை ஸ்வராஜ் த்வீப்பில் மட்டும் ஐந்து இரவு. ஹேவ்லாக் என்றால்தான் பலருக்குத் தெரியும். 2018 டிசம்பரில் பெயர் மாறியது. ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரிலிருந்து விரைவுப் படகில் சுமார் இரண்டு மணி நேரம்.

தங்கியது மூங்கில் சுவரும் ஓலைக் கூரையுமாக ஒரு குடில். ஏசி கிடையாது, ஒரு மின்விசிறி, ஒரு கொசுவலை. முதல் இரவு புழுக்கத்தில் தூக்கமே வரவில்லை. மறுநாள் அங்கே வேலை பார்க்கும் பெரியவர் வந்து, "ரெண்டு பக்க ஜன்னலையும் சேர்த்துத் திறந்து வைங்க" என்றார். அதன்பிறகு ஏசியின் நினைப்பே வரவில்லை.

அங்கே பொழுது சீக்கிரம் சாயும். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. அந்தமான் இருப்பதோ 93 பாகை அருகே. அதனால் குளிர்காலத்தில் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் இறங்கிவிடும். சூரியன் மறைவதைப் பார்க்க, அதே தீவின் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் கடற்கரைக்கு மூன்றரைக்கே போய்விடுங்கள்.

ரிசார்ட்டுகள் பலவும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. அங்கே ஓதம் வற்றும்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, பாறைகள் வெளியே தெரியும், நீந்த முடியாது. படத்தில் பார்த்த நீலக்கடல் எங்கே என்று ஏமாந்து போகிறவர்கள் உண்டு. எனக்குப் பிடித்ததே அந்த நேரம்தான். பாறை இடுக்கில் தேங்கிய முழங்கால் அளவு தண்ணீர் அருகே ஒருநாள் குந்தியிருந்தேன். ஒரு துறவி நண்டு, பக்கத்தில் கிடந்த சற்றே பெரிய சங்கை இடுக்கியால் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. வாய்க்குள் காலை விட்டுத் துழாவியது. அப்புறம் பழைய சங்கிலிருந்து சட்டென்று உருவிக்கொண்டு புதியதற்குள் புகுந்துவிட்டது. அந்த மெத்தென்ற பின்னுடல் வெளியே தெரிந்தது ஒரே நொடிதான். தயவுசெய்து கரையில் கிடக்கும் காலிச் சங்கைக்கூட எடுத்து வராதீர்கள், அது யாருக்கோ வீடு. பவளத் துண்டை எடுப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரி, ரிசார்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஓலை வேய்ந்தால் மட்டும் எக்கோ ஆகிவிடாது. பெயரிலேயே எக்கோ வைத்திருந்த ஓர் இடத்தில் தினமும் அறையில் இரண்டு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் வைத்தார்கள். அந்தச் சின்னத் தீவில் அவை எங்கே போகும் என்ற கவலை எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால் முன்பதிவுக்கு முன் போன் போட்டுக் கேளுங்கள்: கழிவுநீரை எங்கே விடுகிறீர்கள்? மழைநீர் சேமிக்கிறீர்களா? குடிநீரைப் பாட்டிலில் நிரப்பிக்கொள்ள வசதி உண்டா? இரவில் கடற்கரைப் பக்கம் விளக்கு எரியுமா? வெளிச்சத்தைப் பார்த்து ஆமைக் குஞ்சுகள் கடலை விட்டுக் கரைப்பக்கம் திரும்பிவிடும். உண்மையிலேயே அக்கறை உள்ளவர்கள் இதற்கெல்லாம் ஆர்வமாகப் பதில் சொல்வார்கள்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வெயிலுக்கு முழுக்கை நீச்சல் சட்டை போதும். ஆக்ஸிபென்சோன் என்ற வேதிப்பொருள் கலந்த சன்ஸ்கிரீன் பவளத்துக்கு ஆகாது. கரையில் மணல் ஈ கடிக்கும், எனவே வெறும் மணலில் படுக்காமல் துணி விரித்துக்கொள்ளுங்கள்.

கடைசி இரவை மட்டும் ஸ்ரீ விஜயபுரத்தில் வையுங்கள். கடல் கொந்தளித்துப் படகு ரத்தானால் விமானத்தைத் தவற விட நேரிடும்.