மேசைக்கு வருகிறதா, மூலைக்குப் போகிறதா?

கேள்வி: அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவர் மீட்டிங்கில் ‘லெட்ஸ் டேபிள் திஸ்’ என்றார். இப்போதே பேசச் சொல்கிறார் என்று நினைத்து நான் விளக்க ஆரம்பிக்க, எல்லாரும் விழித்தார்கள். இடியம் புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்துவிட்டால் சரியாகிவிடுமா?
(ஐ.டி. ஊழியர், சென்னை)

பதில்: ஆகாது. அந்தப் புத்தகங்கள் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மாதிரித் தொடர்களைத்தான் அடுக்கும். அவற்றால் ஆபத்தே இல்லை. மழையில் நாயும் பூனையும் வந்தாலே, வேறு ஏதோ சொல்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பவை டேபிள், ரன், செட் போன்ற ஒன்றாம் வகுப்புச் சொற்கள். தெரிந்த சொல்தானே என்று அகராதியைத் தொடவே மாட்டோம். ‘ரன்’ என்ற வினைச்சொல் ஒன்றுக்கே ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி 600க்கும் மேற்பட்ட பொருள்கள் தருகிறது.

நீங்கள் புரிந்துகொண்டதும் தப்பில்லை. பிரிட்டனில் ஒன்றை ‘டேபிள்’ செய்வது என்றால் விவாதத்துக்கு எடுப்பதுதான். நம் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கையை ‘டேபிள்’ செய்தார்கள் என்றாலும் அவையில் வைத்தார்கள் என்றே பொருள். அமெரிக்காவில் நேர் எதிர்: இப்போதைக்கு ஒதுக்கி வைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு ராணுவ அதிகாரிகளே இதில் மாட்டிக்கொண்டார்கள். அவசரமான ஒரு விஷயத்தை உடனே பேச வேண்டுமென்று பிரிட்டிஷ்காரர்கள் ‘டேபிள்’ செய்யச் சொல்ல, கூடவே கூடாது என்று அமெரிக்கர்கள் மல்லுக்கு நின்றார்கள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்று புரிந்தது. சர்ச்சில் தன் போர் வரலாற்றில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே பட்டியலை விட்டுவிடுங்கள். ‘காது குத்தாதே’ என்பதைப் பட்டியலில் படித்தா கற்றோம்? யார் யாரிடம், எந்த நேரத்தில் சொன்னார்கள் என்று கேட்டுக் கேட்டுத்தானே வந்தது. ஆங்கிலத்துக்கும் அதுதான் வழி. பழகிய சொல் ஒன்று அந்த இடத்தில் பொருந்தாமல் இடறினால் அங்கேயே நில்லுங்கள். முழு வாக்கியத்தையும் எழுதி வையுங்கள்; சொன்னவர் எந்த நாட்டுக்காரர் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். அப்புறம் அகராதியைத் திறந்து முதல் பொருளோடு மூடிவிடாமல் கீழே வரை படியுங்கள். மீட்டிங் நடுவில் அதற்கு நேரமிருக்காது. அப்போது கூச்சமே வேண்டாம், நேராகக் கேளுங்கள்: ‘இதை இன்றே பேசுகிறோமா, அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறோமா?’