கலியாண வீடியோவும் கறுப்புத் திரையும்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறை தொடங்கினாலே இப்படித்தான், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரீவியும் ஹோம் தியேட்டரும்தான். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: தம்பி, மகளின் கலியாண வீடியோவைச் சுருக்கி அரை மணி நேரப் படமாக ஸ்டூடியோக்காரர் ஹார்ட் டிஸ்கில் தந்தார். ஒரே கோப்பு, 22 ஜிபி. காலியான 64 ஜிபி பென் டிரைவில் ஏற்றப் போனால் கோப்பு பெரிது என்று மறுக்கிறது. ஹார்ட் டிஸ்கையே ரீவியில் செருகினால் சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. மடிக்கணினியில் நன்றாக ஓடுகிறது. கடையில் கேட்டால் புது ரீவி வாங்கச் சொல்கிறார்கள். (உப்புவெளி வாசகி)

பதில்: ரீவி வாங்க வேண்டாம் அக்கா. உங்களுக்கு இரண்டு பிரச்சினை, இரண்டும் கோப்பு சம்பந்தப்பட்டவை.

முதலில் பென் டிரைவ். அது ஃபேட்32 என்ற, கோப்புகளை அடுக்கி வைக்கும் முறையில் போர்மட் ஆகியிருக்கும். 1996இல் வந்த முறை அது, அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 60 ஜிபி காலியாகக் கிடந்தாலும் முடியாது என்றால் முடியாதுதான். கணினியில் அதை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்று மாற்றி போர்மட் செய்யுங்கள், பழைய ரீவி என்றால் என்டிஎஃப்எஸ் நல்லது. உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதனால் பேரப்பிள்ளைகளின் படங்கள் ஏதும் கிடந்தால் முதலில் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

அடுத்தது கறுப்புத் திரை, இதுதான் சுவாரசியமானது. கோப்பின் பெயருக்குப் பின்னால் எம்பி4, எம்கேவி, எம்ஓவி என்று வருவது வெறும் பையின் பெயர். உள்ளே படத்தை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள், சத்தத்தை எப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது தனித்தனி விஷயம். ஒரே எம்கேவி பையில் ரீவிக்குப் பிடித்ததும் இருக்கலாம், பிடிக்காததும் இருக்கலாம். படத்தை ஒரு முறையில் சுருக்கிச் சத்தத்தை இன்னொரு முறையில் சுருக்கியிருந்தால், ஒன்று ஓடி மற்றது ஓடாமல் போவது ஆச்சரியம் இல்லை.

மடிக்கணினியில் விஎல்சி என்ற பிளேயரில் வீடியோவை ஓடவிட்டு கன்ட்ரோலையும் ஜேயையும் சேர்த்து அழுத்துங்கள். ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் 4:2:2 என்றும் 10 பிட் என்றும் எங்காவது எழுதியிருக்கிறதா பாருங்கள். இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன். நல்ல கமராக்காரர்கள் பிறகு நிறம் திருத்த வசதியாக நிற விவரத்தைக் கூடுதலாக வைத்துப் பதிவார்கள், அதைத்தான் அப்படிக் குறிக்கிறார்கள். ரீவிக்குள் இருக்கும் சிப்போ 4:2:0 என்ற சாதாரண வகைக்கு என்று செய்தது. ப்ளூரேயும் இணைய வழிப் படங்களும் அந்த வகைதான். மடிக்கணினி மட்டும் எப்படி ஓட்டுகிறது என்றால், அது மூளையைக் கசக்கி மென்பொருளாலேயே விரித்துவிடுகிறது, விசிறி இரைவதைக் கேட்டிருப்பீர்களே. ஸ்டூடியோக்காரர் உங்களுக்குச் சமைத்த சோற்றைத் தராமல் அரிசி மூட்டையைத் தந்திருக்கிறார்.

கணக்கும் அதையே சொல்கிறது. அரை மணிக்கு 22 ஜிபி என்றால் ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 100 மெகாபிட். சாதாரண ப்ளூரேயில் படத்துக்கு உச்ச வரம்பே 40தான். எச்.265 என்ற சுருக்கும் முறையில், 8 பிட், 4:2:0, வினாடிக்கு 30 மெகாபிட் என்று ஒரு பிரதி கேளுங்கள், அவர்களுக்கு அது ஒரு சொடுக்கு வேலை. ஏழு ஜிபிக்குள் வந்துவிடும், 55 அங்குலத் திரையில் நீங்களும் நானும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டோம். எச்.265 வந்தது 2013இல், அதற்கு முந்திய ரீவி என்றால் பழைய முறையான எச்.264 கேளுங்கள். ஸ்டூடியோக்காரர் இழுத்தடித்தால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நீங்களே மாற்றலாம், இரவு போட்டுவிட்டுப் படுத்தால் விடிய முடிந்திருக்கும். ஆனால் அந்த 22 ஜிபி மூலத்தை மட்டும் அழிக்காதீர்கள்.

கேள்வி: 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு பாஸ் ஸ்பீக்கரும்) வாங்கி ரீவியோடு ஒப்டிகல் வயரில் இணைத்தேன். பின்னால் உள்ள ஸ்பீக்கர்கள் இரண்டும் ஊமை. சில கோப்புகளில் சத்தமே இல்லை. சத்தம் வரும் படங்களிலும் பேச்சு கேட்காது, சண்டை வந்தால் வீடு அதிரும், மாமி கத்துகிறார். (உவர்மலை)

பதில்: ரீவியின் சத்த அமைப்புக்குள் போய் டிஜிட்டல் அவுட்புட் எதில் இருக்கிறது என்று பாருங்கள். பிசிஎம் (சுருக்காத சத்தம்) என்று இருந்தால் ஒப்டிகல் வயரில் இரண்டே சானல்தான் போகும், பின்னுக்குள்ளவை ஊமையாகத்தான் இருக்கும். ஓட்டோ அல்லது பாஸ்த்ரூ (சத்தத்தை அப்படியே அனுப்புவது) என்று மாற்றுங்கள். சத்தமே இல்லாத கோப்புகளில் சத்தம் டிடிஎஸ் என்ற முறையில் சுருக்கியதாக இருக்கும். எல்லா ரீவியும் அதைத் தொடாது, சாம்சங் 2018இலிருந்து அதை விட்டுவிட்டது. அப்படியானால் மீடியா பெட்டியை (கோப்புகளை ஓட்டும் தனிப் பெட்டி) ரீவியில் குத்தாமல் நேரே அம்ப்ளிஃபையரின் எச்டிஎம்ஐயில் குத்தி, அங்கிருந்து ரீவிக்குப் படத்தை மட்டும் அனுப்புங்கள்.

பேச்சு கேட்காதது உங்கள் காதின் குறை இல்லை. 5.1இல் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரு வீட்டில் போய்ப் பார்த்தால் ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால், பரிசுக் கோப்பைகளுக்கு நடுவே மூச்சுமுட்டிக் கிடந்தது! வெளியே எடுத்துக் காது மட்டத்துக்குத் திருப்புங்கள், அம்ப்ளிஃபையரில் நடு சானலை 3 டெசிபல் கூட்டுங்கள். இரவில் நைட் மோட் போடுங்கள், அது வெடிச் சத்தத்தை அமுக்கிப் பேச்சைத் தூக்கும். மாமியும் நிம்மதியாகத் தூங்குவார்.

கேள்வி: தங்க முலாம் பூசிய எச்டிஎம்ஐ வயரில் படம் இன்னும் வடிவாக வருமா? விலை மூன்று மடங்கு. (பாலையூற்று)

பதில்: வராது. போவது எண்கள்தான், சரியாகப் போனால் படம் முழுசாக வரும், பிசகினால் வெள்ளைப் புள்ளிகள் மின்னும் அல்லது திரை அணைந்து அணைந்து வரும், நடுவில் மங்கலாக ஒரு நிலை கிடையாது. 4கே, வினாடிக்கு 60 பிரேம் ஓட்ட 18 கிகாபிட் தாங்கும் வயர், நீளம் இரண்டு மீட்டருக்குள், அவ்வளவு போதும். ஆனால் ஒன்று, நம் ஊர் உப்புக் காற்றை மறக்கக் கூடாது. டச் பே பக்கம் நான் இருந்த வீட்டில், கடலைப் பார்த்த யன்னலோரம் வைத்த அம்ப்ளிஃபையரின் துளைகள் இரண்டே வருடத்தில் பச்சை பூத்துவிட்டன. தங்கம் கறள் பிடிக்காது. அதற்காக வாங்கினால் சரி, படத்துக்காக வேண்டாம்.

கேள்வி: ஹார்ட் டிஸ்கை ரீவியில் போட்டால் டிக் டிக் என்கிறது, காணவில்லை என்கிறது. (மூதூர்)

பதில்: மின்சாரம் போதவில்லை போலிருக்கிறது. ரீவியின் பழைய யுஎஸ்பி துளை 500 மில்லி அம்பியர்தான் தரும், டிஸ்க் சுழலத் தொடங்கவே அதைவிடக் கூடக் கேட்கலாம். தனி மின்சாரம் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் போட்டுப் பாருங்கள். கணினியிலும் டிக் டிக் என்றால் டிஸ்க் சாகப் போகிறது, இன்றைக்கே பிரதி எடுங்கள்.

கேள்வி: நண்பன் தட்டச்சு செய்து தந்த தமிழ் சப்டைட்டில் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. (கிண்ணியா)

பதில்: அரைப்புள்ளிகள் நிறையத் தெரிகிறதா? அப்படியானால் அது பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துரு. நம் ஆட்களின் பழைய பழக்கம், கலியாணக் கார்ட் அடித்த கை சும்மா இருக்காது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். மாற்றியதை யுடிஎஃப்-8 என்று சேமித்து, வீடியோவின் பெயரையே அதற்கும் வையுங்கள். அதன் பிறகு கட்டம் கட்டமாக வந்தால் ரீவியில் தமிழ் எழுத்துரு இல்லை, வேறு பிளேயரில்தான் ஓட்ட வேண்டும். இன்னொன்று, முழுக் கோப்பையும் அப்படியே மாற்றியில் ஒட்டிவிடாதீர்கள், வசன வரிகளை மட்டும் ஒட்டுங்கள். பாமினியில் காற்புள்ளி என்பது 'இ' எழுத்து, நேர வரிகளில் உள்ள காற்புள்ளி எல்லாம் 'இ' ஆகி, சப்டைட்டிலே வராமல் போய்விடும்.