ஹாருவை எந்த வரிசையில் தட்டுவது?

கேள்வி: சௌராஷ்டிர எழுத்தில் ஒரு பாட்டுத் தொகுப்பைத் தட்டச்சு செய்கிறேன். ம்ஹ, ல்ஹ போன்றவற்றில் வரும் ஹாரு என்ற மூச்சொலிக் குறி சில இடங்களில் புள்ளிவட்டத்தோடு (புள்ளிகளால் ஆன வெற்று வட்டத்தோடு) வருகிறது. நண்பருக்கு அனுப்பினால் எல்லாமே கட்டம் கட்டமாகத் தெரிகிறதாம். 'ம்ஹி' என்று தேடினால் பாதி இடங்கள் சிக்குவதில்லை. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: கட்டம் மட்டும் சரியாகும். நண்பரின் கணினியில் சௌராஷ்டிர எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். நோட்டோ சான்ஸ் சௌராஷ்ட்ரா இலவசமாகக் கிடைக்கிறது, அதை நிறுவச் சொல்லுங்கள்.

மற்ற இரண்டும் நீங்கள் தட்டும் வரிசையால் வருபவை. சௌராஷ்டிரம், கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் 2008இல், 5.1 பதிப்பில் வந்தது. அதில் ஹாருவுக்குத் தனி இடம் உண்டு: யூ+ஏ8பி4, பதின்ம எண்ணில் 43188. இது 'ஹ' எழுத்தின் வேறு வடிவம் இல்லை, தனியாக நிற்கவும் நிற்காது; ந, ம, ர, ல போன்ற மெய்களின் பின்னால் ஒட்டிக்கொண்டு அவற்றுக்கு மூச்சொலி தரும் குறி. உயிர்க்குறி மெய்யோடு சேராமல் இந்த ஹாருவோடுதான் சேரும், பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். ஆக 'ம்ஹி' வேண்டுமென்றால் முதலில் ம, அடுத்து ஹாரு, கடைசியில் இகரக் குறி. நீங்கள் 'மி' என்று முடித்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து ஹாருவைத் தட்டினால், எழுத்தைக் கோத்துக் காட்டும் நிரலுக்கு அந்த ஹாரு எதோடு சேர வேண்டும் என்று தெரியாமல் போய், பெரும்பாலும் புள்ளிவட்டத்தை நீட்டும். நல்லதுதான், தப்பாவது கண்ணில் படுகிறதே.

கண்ணில் படாத தப்பு ஒன்று இருக்கிறது, உங்கள் தேடல் சிக்காததற்கு நான் சந்தேகப்படுவது அதைத்தான்: சில இடங்களில் ம, விராமம் (தமிழ்ப் புள்ளி போல அகர ஒலியை நீக்கும் குறி), ஹ என்று தட்டியிருப்பீர்கள். தமிழில் 'ம்ஹ' எழுதிப் பழகிய கைக்கு அதுதான் இயல்பாக வரும். படிப்பவருக்கு ஓசை புரிந்துவிடும், ஆனால் கணினிக்கு அது முற்றிலும் வேறு எழுத்துத் தொடர். யூனிகோடின் இயல்பாக்கம் (ஒன்றையே குறிக்கும் வேறு வேறு குறியீட்டு வரிசைகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் முறை) இரண்டையும் ஒன்றாக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், ஆக்காது. கண்டுபிடித்து மாற்றும் வசதியில் ந, ம, ர, ல நான்குக்கும் 'விராமம் + ஹ' வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மொத்தமாக ஒரே அழுத்தில் மாற்ற வேண்டாம்: இரண்டு மெய்கள் உண்மையிலேயே அடுத்தடுத்து வரும் சொல் இருந்தால் அதுவும் போய்விடும்.

விசைப்பலகையில் ஹாரு இல்லையென்றால் வலைப்பக்கத்தில் ꢴ என்று மெய்யை அடுத்து எழுதினால் போதும். தரவுத்தளத்தில் சேர்ப்பதாக இருந்தால் இன்னொன்று: யூனிகோடு ஹாருவை எழுத்தாக வகைப்படுத்தவில்லை, இடம்பிடிக்கும் ஒட்டுக்குறியாகத்தான் வைத்திருக்கிறது, 'எழுத்துகளை மட்டும் அனுமதி' என்று வடிகட்டும் நிரல் எதிலாவது உங்கள் உரை நுழைந்தால் ஹாரு சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும், கூடவே உயிர்க்குறிகளும். குறிகளையும் அனுமதிக்கச் சொல்லுங்கள்.

பாட்டில் சந்திரபிந்து என்ற மூக்கொலிக் குறி வந்தால் எழுத்துரு எவ்வளவு பழையது என்று பாருங்கள். அது 2016இல்தான் சேர்ந்தது, அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அங்கே மட்டும் கட்டம் தெரியும்.